சின்ன முதுகுப்பை படுத்தும் பாடு: தொல்லையைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கடைக்குப் போய், "ஒருநாள் மலையேறுவதற்கு ஒரு சின்ன பை வேண்டும்" என்று கேட்டால், கடைக்காரர் எடுத்துக் காட்டும் முதல் பையே உங்களுக்குப் பிடித்துப் போகும். காலிப் பை யார் முதுகிலும் நன்றாகத்தான் உட்காரும். அதன் உண்மையான குணம் வெள்ளியங்கிரியில் இரண்டாவது மலை தாண்டும்போதுதான் தெரியவரும். அப்போது கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை.

இப்படி அவசரப்பட்டு மூன்று பைகள் வாங்கியவன் நான். அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கையில் இருக்கும் பை என்ன தொல்லை தருகிறது என்று முதலில் எழுதிவைப்பேன், காரணத்தைத் தேடுவேன். பாதித் தொல்லைகள் பட்டையை இழுத்துக் கட்டினாலோ, பொருளை இடம் மாற்றி வைத்தாலோ தீர்ந்துவிடும். மீதிப் பாதிதான் புதுப் பை வாங்கச் சொல்லும், அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லும். அந்தக் குறிப்புகள்தான் இவை. உங்கள் தொல்லை எதுவோ அந்தப் பத்திக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பத்தியை மட்டும் தாண்ட வேண்டாம்.

எதற்கும் முன்னால்: எடை போடுங்கள்

போன முறை மலைக்கு எப்படிப் பையைக் கட்டினீர்களோ அதேபோல் கட்டி, மாட்டிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறுங்கள். பிறகு கழற்றிவிட்டு ஏறுங்கள். வித்தியாசம்தான் பையின் எடை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை போகலாம் என்பது ஒருநாள் நடைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. நான் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தபோது 8 கிலோவுக்கு மேல் காட்டியது. தரையில் பாயை விரித்து எல்லாவற்றையும் கொட்டினால், ஒரு ஜீன்ஸ், முழு அளவு குளியல் துண்டு, தடிமனான எவர்சில்வர் டப்பா இரண்டு, யாரும் படிக்காத ஒரு புத்தகம்! பையைக் குறை சொல்லி என்ன பயன்?

தண்ணீரில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, அது குறையாது. வழியில் நிரப்ப இடம் உண்டா என்று விசாரித்துவிட்டு 2 அல்லது 3 லிட்டர் என்று முடிவு செய்யுங்கள். மற்றதில் குறையுங்கள்.

என்னென்ன எடுப்பது என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகர மலையேறுவோர் சங்கம் 1930களிலிருந்து சொல்லிவரும் பத்துப் பொருள் பட்டியல் உலகம் முழுக்கப் புழங்குகிறது. இன்று அதில் இருப்பவை: வரைபடமும் திசைகாட்டியும், விளக்கு, வெயில் காப்பு, முதலுதவி, கத்தி, தீ மூட்ட ஒன்று, மழைக்கு ஒதுங்க ஒன்று, கூடுதல் உணவு, கூடுதல் தண்ணீர், கூடுதல் உடை. நல்ல பட்டியல்தான். ஆனால் தீப்பெட்டியை நம் காட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்ததை நாம் பார்த்தோம். கோடையில் நம் மலைப்புல் எப்படிப் பற்றும் என்று நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு வையுங்கள்.

எடை சரியாகி, தொல்லை மட்டும் தொடர்ந்தால் கீழே படியுங்கள்.

தோள்பட்டை கடுக்கிறது, கழுத்து இறுகுகிறது

அதிகம் பேர் சொல்லும் குறை இது. பெரும்பாலும் பையின் தப்பு இல்லை. பள்ளிக்கூடம் போகும்போது பட்டையைத் தளர்த்திவிட்டுப் பையைப் பின்புறத்தில் தொங்கவிட்டோமே, அந்தப் பழக்கத்தின் தப்பு.

பட்டைகள் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். பொருள் உள்ளே இருக்கும்போதே மாட்டுங்கள். இரண்டு பக்கமும் பையின் பட்டையின் கீழ் நுனியைப் பிடித்துப் பின்பக்கமாக ஒரே அளவு இழுங்கள். பையின் முதுகு உங்கள் முதுகில் ஒட்டி, அடிப்பாகம் இடுப்புக் குழிவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். இப்போது பக்கவாட்டில் நின்று கண்ணாடியில் பாருங்கள். பட்டை தோளின் மேல் இடைவெளி இல்லாமல் வளைந்து இறங்க வேண்டும். தோளின் உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் பை இன்னும் தொங்குகிறது, அல்லது உங்கள் முதுகுக்கு அது நீளம்.

நீளமா என்று பார்க்கத் தையல்காரர் டேப் ஒன்றும் இன்னொரு ஆளும் வேண்டும். தலையைக் குனியுங்கள். கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும், அது மேல் புள்ளி. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, கட்டைவிரல்களை முதுகுப்பக்கம் நீட்டுங்கள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்க்கும் கோடு கீழ்ப் புள்ளி. நடுவே முதுகெலும்பை ஒட்டி எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 46 செ.மீ., என் மனைவிக்கு 39. இருவரும் ஒரே பையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒன்றும் வலிக்கவில்லையே, உனக்கு மட்டும் ஏன்" என்று ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு சென்டிமீட்டர்தான் விடை. பையின் முதுகுப் பலகை இந்த அளவைவிட நீளமாக இருந்தால், பட்டையை எவ்வளவு இழுத்தாலும் அடிப்பாகம் இடுப்பில் இடிக்கும், இல்லையென்றால் மேல்பாகம் பின்மண்டையில் இடிக்கும். இதற்கு மருந்து இல்லை, பை மாற்ற வேண்டியதுதான். கடைகளில் லிட்டர் அளவை எழுதி வைத்திருப்பார்கள், முதுகு நீளத்தைச் சின்ன பைகளில் பெரும்பாலும் எழுதுவதில்லை. டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

நீளம் சரி, தொங்கவும் இல்லை, ஆனாலும் கடுக்கிறதா? தோள்பட்டையின் ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்ததும் எழும்பி வர வேண்டும். பள்ளம் அப்படியே நின்றாலோ, அடியில் இன்னொரு விரல் தட்டுப்பட்டாலோ, அந்த ஃபோம் செத்துவிட்டது. புதிதாகவே மெத்தைபோல் மெதுமெதுவென்று இருப்பதையும் நம்பாதீர்கள், சீக்கிரம் தட்டையாகிவிடும். கொஞ்சம் விறைப்பாக இருப்பதுதான் உழைக்கும். பட்டையின் ஃபோம் போட்ட பகுதி அக்குளுக்குக் கீழேயும் வர வேண்டும். அக்குளிலேயே முடிந்து அங்கிருந்து வெறும் நாடா தொடங்கினால், அந்த நாடா மணிக்கணக்கில் தோலை அறுக்கும்.

கை விரல் மரத்துப்போனால் மட்டும் பொறுத்துக்கொண்டு நடக்காதீர்கள். பட்டை இறுகி, தோளுக்கும் அக்குளுக்கும் நடுவே போகும் நரம்புகளை அழுத்துகிறது என்று அர்த்தம். உட்கார்ந்து பையைக் கழற்றி, உணர்வு திரும்பிய பின் இரண்டு விரற்கடை தளர்த்தி மாட்டுங்கள்.

இடுப்புப் பட்டை இருந்தால் பாரம் இடுப்புக்கு இறங்கிவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பெரிய பைகளில் அது உண்மை, ஏனென்றால் உள்ளே கம்பியோ விறைப்பான பலகையோ இருந்து பாரத்தைக் கீழே கடத்தும். 15 லிட்டர் துணிப்பையில் ஒரு விரல் அகல நாடாவைத் தொப்புளுக்கு மேல் கட்டினால் பாரம் எங்கும் இறங்காது, வயிறுதான் இறுகும். அதன் வேலை வேறு. அது கீழே வருகிறது.

பை பின்னால் இழுக்கிறது, குனிந்தே நடக்க வேண்டியிருக்கிறது

கனமான பொருள் முதுகைவிட்டுத் தள்ளி இருக்கிறது. அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலை முன்பக்க அறையில் வைப்பவர்களுக்கு இது கண்டிப்பாக வரும். தண்ணீரும் சோற்று டப்பாவும் முதுகை ஒட்டி, நடு உயரத்தில் இருக்கட்டும். மழைச் சட்டை, துண்டு மாதிரி லேசானவை அடியிலும் வெளிப்பக்கத்திலும். டப்பாவின் விளிம்பு முதுகில் குத்தினால் துண்டை நாலாக மடித்து நடுவே செருகுங்கள்.

அடுத்த பை வாங்கும்போது ஆழம் குறைந்ததாகப் பாருங்கள். ஒரே 18 லிட்டரை உயரமாகவும் தட்டையாகவும் தைக்கலாம், குட்டையாக உப்பலாகவும் தைக்கலாம். உப்பியது கடையில் பார்க்க லட்சணமாக இருக்கும், மலையில் இழுக்கும்.

நடக்கும்போது இடவலமாக ஆடுகிறது

சமதரையில் இது எரிச்சல் மட்டும்தான். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் கடப்பாரைப் படியும் சங்கிலியும் வரும் இடத்தில் இது ஆபத்து. இரண்டு கையாலும் இரும்பைப் பிடித்து ஏறும்போது முதுகில் இருக்கும் 5 கிலோ ஒரு பக்கம் சாய்ந்தால் உடம்பும் கூடவே சாயும். எனக்கு ஒருமுறை அங்கே பாட்டில் இருந்த பக்கம் பை திரும்பிக்கொண்டது. பின்னால் ஏறி வந்த பெரியவர் ஒரு கையால் பையைத் தாங்கி, "நெஞ்சுப் பட்டைய மாட்டாமயா தம்பி ஏர்றது?" என்றார். அதுவரை அந்தப் பட்டை அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

நெஞ்சுப் பட்டையை மாட்டுங்கள். காறை எலும்புக்கு மூன்று நான்கு விரல் கீழே அது வர வேண்டும், மூச்சை முழுதாக இழுத்தாலும் பிடிக்கக் கூடாது. பட்டையை மேலும் கீழும் நகர்த்த முடிகிற பையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே இடத்தில் தைத்துவைத்திருப்பது பெண்களுக்கு மிகவும் சங்கடம் தரும். இடுப்பு நாடாவை இப்போது கட்டுங்கள், இதுதான் அதன் வேலை: பையை ஆடாமல் பிடிப்பது. இரண்டு பக்கமும் பாட்டில் எடை சமமாக இருக்கட்டும். பையில் பக்கவாட்டு இழுவைப் பட்டைகள் இருந்தால், பாதி காலியான பையை அவற்றால் இறுக்கிக் கட்டலாம். தளர்ந்த பைக்குள் பொருள்கள் உருள்வதும் ஆட்டத்துக்கு ஒரு காரணம்.

நெஞ்சுப் பட்டையின் பக்கிளைத் திருப்பிப் பாருங்கள். பல பைகளில் அதிலேயே ஒரு விசில் இருக்கும். வழி தவறினால் மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊத வேண்டும். கத்துவதைவிட அது தூரம் போகும்.

இருட்டில் டார்ச் கிடைக்கவில்லை

வெள்ளியங்கிரிக்கு இரவில் ஏறுவது வழக்கம். முதல் மலையின் படிக்கட்டு முடியும் முன்பே என் கை டார்ச் மங்கிவிட்டது. தலையில் மாட்டும் டார்ச் பையில் இருந்தது. எங்கே? அடியில், புளிசாதத்துக்கும் கீழே. படியோரம் உட்கார்ந்து, ஏறி வருகிற கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். ஒரு மூங்கில் தடி டப்பாவில் பட்டது. டப்பா எட்டு பத்துப் படி உருண்டு போனது. மூடி கழன்றதும் என்ன ஆனது என்று சொல்ல வேண்டுமா! அன்று மேலே போய்க் கடலைமிட்டாய்தான் சாப்பாடு.

ஒரே ஒரு பெரிய அறையும் மேலே கயிற்று வாயும் வைத்த பைகள் எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் அடியில் இருப்பது வேண்டுமென்றால் மேலே இருப்பதெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். மூன்று பக்கமும் ஜிப் ஓடி சூட்கேஸ்போல் திறப்பவற்றில் எல்லாம் கண்ணில் படும், ஆனால் ஈரத்தரையில் படுக்கப்போட்டுத்தான் திறக்க வேண்டும், ஜிப் நீளமாக இருப்பதால் கெடுவதற்கும் வாய்ப்பு அதிகம். எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவே உள்ளது: மேலிருந்து பாதி வரை இறங்கும் ஜிப், தலைப்பக்கம் ஒரு தனிச் சின்ன அறை. அந்தச் சின்ன அறையில் டார்ச், முதலுதவி, விசில், அடையாள அட்டை, கொஞ்சம் பணம். வேறு எதுவும் அதற்குள் போகக் கூடாது. எந்தப் பையை எடுத்தாலும் இவை அதே இடத்தில் இருந்தால் கை தானாகப் போகும்.

உள்துணி கறுப்பாக இருக்கும் பையை வாங்காதீர்கள். கறுப்புக் கத்திப் பிடி கறுப்புத் துணியில் பகலிலேயே தெரியாது. சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு உள்துணி நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சின்னப் பொருள்களை வெவ்வேறு நிறத் துணிப்பைகளில் போட்டு வையுங்கள். ஜவுளிக்கடை மஞ்சள் பையில் வெட்டித் தைத்த சுருக்குப்பைதான் என் முதலுதவிப் பை.

எப்போதும் இடம் போதவில்லை (அல்லது எப்போதும் பாதி காலி)

லிட்டர் கணக்கு பலருக்கும் மனதில் பிடிபடுவதில்லை. வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். அதைப் பார்த்துக்கொண்டு உங்கள் பொருள்களைக் கற்பனையில் அதற்குள் போடுங்கள். இன்னும் சரியாக வேண்டுமென்றால், வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் வாளி எத்தனை லிட்டர் என்று பார்த்துவிட்டு அதற்குள்ளேயே அடுக்கிப் பாருங்கள். அழுத்தாமல் 15 லிட்டர் வாளியில் அடங்கினால் 18 லிட்டர் பை போதும்.

என் அனுபவத்தில் 10 லிட்டர் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பும் நடைக்கு. தண்ணீர், மழைச் சட்டை, தின்பண்டம், முதலுதவி வைத்ததும் தீர்ந்தது. வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை போன்ற முழுநாள் ஏற்றத்துக்கு 18 முதல் 20. வெள்ளியங்கிரியின் ஏழாவது மலைக் காற்றுக்கோ நீலகிரியின் மார்கழிக் குளிருக்கோ ஸ்வெட்டர் எடுத்தால் 22 முதல் 25. அதற்கு மேல் போனால், இடம் இருக்கிறதே என்று எதையாவது திணிப்போம். என் ஜீன்ஸ் அப்படித்தான் மலையேறியது. கூட வருகிறவர்கள், "உங்க பைலதான் எடம் இருக்கே, இதையும் கொஞ்சம் வெச்சுக்கோங்க" என்று தருவது தனிக் கதை.

மழையில் உள்ளே எல்லாம் நனைந்துவிட்டது

முதலில் எங்கே நனைந்தது என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைக் கழுவிப் போடும் அவசரத்தில் இந்தத் தடயத்தை அழித்துவிடுகிறோம்.

முதுகுப் பக்கம் நனைந்திருந்தால் ரெயின் கவரைக் குறை சொல்ல வேண்டாம். அது பையின் வெளிப்பக்கத்தைத்தான் மூடும், முதுகுப்பக்கம் திறந்தே இருக்கும். கழுத்து வழியாக வழியும் மழைநீர் அங்கேதான் இறங்கும். அடியில் மட்டும் நனைந்திருந்தால் கவருக்குள் வழிந்த தண்ணீர் தொட்டிபோல் தேங்கியிருக்கும், இல்லையென்றால் பையை ஈரத்தில் வைத்திருப்பீர்கள். ஜிப் ஓரமாகக் கோடுபோல் நனைந்திருந்தால் ஜிப்பின் மேல் மூடும் துணி மடிப்பு இல்லை. தையல் வரிசையாக நனைந்திருந்தால் ஊசித் துளைகள் வழியே வந்திருக்கிறது. துணி எவ்வளவு தண்ணீர் தாங்கினாலும் தையலுக்கு உள்ளே டேப் ஒட்டாத பை ஒழுகத்தான் செய்யும். ஒருநாள் பைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று சீட்டில் போட்டிருந்தால் தூறலைத் தாங்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வால்பாறை, சின்னக்கல்லாறு பக்கம் ஆடி மாதத்தில் பெய்வது தூறல் இல்லை.

வெளியிலிருந்து காப்பதைவிட உள்ளிருந்து காப்பது எளிது. வாயைச் சுருட்டி மூடும் நைலான் பை ஒன்று, பையின் அளவுக்கே வாங்கி, உள்ளே இறக்குங்கள். நனையக் கூடாதவை எல்லாம் அதற்குள். காற்றைப் பிதுக்கி, வாயை மூன்று சுற்றாவது சுருட்டி, பக்கிளை மாட்டுங்கள். தடிமனான குப்பைப் பையும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மலையடிவாரங்களில் வனத்துறையினர் பிளாஸ்டிக் தேடிப் பையைச் சோதிக்கும்போது அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. நைலான் பை பல வருடம் வரும், தலைவலியும் இல்லை.

மழையே பெய்யவில்லை, ஆனாலும் உள்ளே ஈரமா? பாட்டில் மூடியைச் சோதியுங்கள். நிரப்பிக் கவிழ்த்து, பழைய செய்தித்தாள் மேல் ஒரு மணி நேரம் வைத்தால் தெரிந்துவிடும். குழாய் வைத்த தண்ணீர்ப்பை என்றால், குழாய் நுனியில் கடித்து உறிஞ்சும் வாய் ஏதாவது பொருளால் அழுந்தித் திறந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு: வெள்ளியங்கிரியின் ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் முங்கிவிட்டு, பிழிந்த வேட்டியைச் செல்போன் இருக்கும் அறையிலேயே திணிப்பது. ஈரத்துணிக்கு என்று வெளிப்பக்க வலை அறை உள்ள பையாகப் பாருங்கள். அது இல்லாவிட்டால் வேட்டியைப் பையின் மேல் விரித்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கள், அடிவாரம் வருவதற்குள் காய்ந்துவிடும்.

உள்பக்கம் பிசுபிசுக்கிறது, புளித்த நாற்றம், வெள்ளைத் தோல் உரிகிறது

பரணில் ஒரு வருடம் கிடந்த பையை எடுத்தால் இது வரும். அழுக்கு இல்லை, பூஞ்சை மட்டுமும் இல்லை. துணியின் உள்பக்கம் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய பாலியூரித்தேன் பூச்சு, காற்றிலிருக்கும் ஈரத்தோடு வினைபுரிந்து சிதைகிறது. வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில், அதாவது நம் கடற்கரை ஊர்களில், வேகமாகவே நடக்கும். இதைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. பை நல்ல நிலையில் இருந்தால் பூச்சை முழுதாக எடுத்துவிடலாம்: சமையல் சோடா கலந்த வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் உரிந்து வரும். பிறகு அது தண்ணீர் தாங்காத வெறும் துணிப்பை. உள்ளே நைலான் பை போடுகிறவர்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை.

வராமல் தடுக்க: ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள், வாஷிங் மெஷினில் போடாதீர்கள், நிழலில் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயவையுங்கள், பாலிதீன் உறையில் கட்டிப் பரணில் ஏற்றாமல் காற்றாட ஆணியில் தொங்கவிடுங்கள்.

ஜிப் மூடுகிறது, ஆனால் பின்னாலேயே பிளந்துகொள்கிறது

இதற்காகப் பையைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேர்! நானும் போடத்தான் இருந்தேன். எங்கள் பேருந்து நிறுத்தத்தில் குடைக்கும் பைக்கும் சேர்த்துக் கடை விரித்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோய், "ஜிப்பை மாத்தணும், எவ்வளவு?" என்று கேட்டேன். அவர் ஜிப்பை இரண்டு முறை இழுத்தார். பல்வரிசையை நகத்தால் தடவினார். "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. ரன்னர்தான் வாயைப் பொளந்துக்கிச்சு" என்றார்.

ரன்னரை, அதாவது ஜிப்பில் நாம் பிடித்து இழுக்கும் துண்டை, தொடக்கத்துக்கு இழுத்துவந்தார். மூடும்போது பின்னால் வரும் முனை இருக்கிறதல்லவா, இரண்டு பல்வரிசையும் ஒன்றாகி வெளியேறும் பக்கம், அந்த முனையை மூக்குக் குறடால் ஒரு ஓரத்தில் மெதுவாக ஒரு அழுத்து, மறு ஓரத்தில் ஒரு அழுத்து. இழுத்துப் பார்த்தார். இன்னும் லேசாகப் பிளந்தது. மறுபடி அரை அழுத்து. மூடிக்கொண்டது. மெழுகுவத்தித் துண்டால் பல்வரிசையை நீளத்துக்கும் ஒரு தேய். முடிந்தது, ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "ஒரேயடியா நசுக்கிட்டா ஓடாது. கொஞ்சங் கொஞ்சமாத்தான்" என்று எச்சரிக்கையும் கொடுத்தார்.

ரன்னர் தேய்வதற்குக் காரணம் மண். நுண்ணிய மணல் பல்லில் உட்கார்ந்து, ஒவ்வொரு இழுப்பிலும் உப்புத்தாள்போல் ரன்னரின் உள்பக்கத்தை அராவும். மலையிலிருந்து வந்ததும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஜிப்பைத் தட்டிவிடுங்கள். பையைத் திணித்து முழங்காலால் அமுக்கி ஜிப் இழுப்பதும் ரன்னர் வாயைப் பிளக்கும். பல்லே உடைந்திருந்தால்தான் ஜிப் மாற்ற வேண்டும்.

புதுப் பை வாங்கும்போது ரன்னரின் பின்பக்கத்தைப் பாருங்கள். 5, 8, 10 என்று எண் இருக்கும். எண் கூடினால் பல்வரிசை அகலம், உழைப்பும் கூடுதல். பெரிய அறைக்கு 8 இருந்தால் நிம்மதி. ஒய்.கே.கே. என்று பொறித்திருந்தால் அந்த ஜப்பான் நிறுவன ஜிப்பை நம்பலாம். அதே எழுத்தைப் பொறித்த போலிகளும் வருகின்றன. அதனால் எழுத்தை மட்டும் பார்க்காமல், பையைப் பொருளோடு நிரப்பி வளைவுகளில் ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். வளைவில் சிக்கும் ஜிப் மலையில் கண்டிப்பாகச் சிக்கும்.

பட்டை தைத்த இடம் பிரிகிறது

பையின் உடல் துணி கிழிவது அபூர்வம், தையல்தான் விட்டுக்கொடுக்கும். தோள்பட்டையும் பையும் சேரும் இடத்தைப் பாருங்கள். குறுக்கே நெருக்கமாகக் கட்டைபோல் அடித்த தையலோ, சதுரத்துக்குள் பெருக்கல் குறித் தையலோ இருக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். பிரியத் தொடங்கியதும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் நைலான் நூலில் இறுக்கித் தருவார், பை தயாரித்தவர்களைவிட நன்றாகவே.

துணிக்கு டெனியர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். 200 வாக்கில் இருந்தால் லேசு, முள்ளில் மாட்டினால் கிழியும். 400 முதல் 600 வரை நம் புதர்க்காட்டுக்குப் போதும். 1000 டெனியர் வாங்கி ஒருநாள் நடைக்குக் காலிப் பையே ஒன்றரைக் கிலோ தூக்குவது வீண்.

முதுகெல்லாம் வியர்வை

இதற்கு முழுத் தீர்வு இல்லை. சித்திரை வெயிலில் ஏறினால் பை இல்லாமலேயே வியர்க்கும். முதுகுக்கும் பைக்கும் நடுவே வலையை இழுத்துக் கட்டிய பைகளில் காற்று ஓடும், உண்மைதான். ஆனால் வலை வளைவு உள்ளிடத்தைத் தின்னும், பாரத்தையும் முதுகைவிட்டுத் தள்ளும். மேலே சொன்ன பின்னிழுப்பு திரும்ப வரும். 5 கிலோவுக்குக் கீழே தூக்குகிறவர்கள் வாய்க்கால் வெட்டிய ஃபோம் முதுகோடு நிறுத்திக்கொள்ளலாம். வேர்க்குரு வந்தால் பருத்திப் பனியனை விட்டுவிட்டு சீக்கிரம் காயும் டி-ஷர்ட் போடுங்கள்.

பாட்டில் விழுகிறது, குரங்கு பறிக்கிறது

இரண்டுக்கும் ஒரே இடம் காரணம்: பக்கவாட்டு அறை. வலைத்துணி அறையின் மேல்விளிம்பு எலாஸ்டிக் தளர்ந்தால் குனிந்ததும் பாட்டில் உருளும். பாட்டில் கழுத்தை ஒரு நாடாவால் பையோடு கட்டுங்கள். வாங்கும்போது அறை பாட்டிலில் பாதி உயரத்துக்காவது வருகிறதா என்று உங்கள் சொந்தப் பாட்டிலைச் செருகிப் பார்க்கலாம்.

குரங்குக்கு வலையில் தெரியும் பிஸ்கட் பொட்டலம் போதும். அழகர்கோயில் மலையில் ஒரு குரங்கு என் நண்பரின் பையில் ஜிப் நுனியில் தொங்கிய கயிற்றைப் பிடித்து இழுத்துத் திறந்ததைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். மனிதர்களுக்கு வசதியாக வைத்த கயிறு, அதற்கும் வசதி. தின்பண்டம் பெரிய அறையில், கண்ணுக்குத் தெரியாமல். இரண்டு ரன்னர் உள்ள ஜிப்பில் இரண்டையும் சேர்த்து ஒரு சின்னக் கொக்கி மாட்டுங்கள். பறித்துவிட்டால் பின்னால் ஓடாதீர்கள், கடிக்கு ஊசி போட மலையிலிருந்து இறங்கி வர வேண்டும்.

எல்லாம் சரிதான், ஆனாலும் புதுப் பை வேண்டும்

சரி, வாங்குங்கள். உங்கள் பாட்டில்களை நிரப்பி, சோற்று டப்பாவும் மழைச் சட்டையும் டேப்பும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பிடித்த பையில் எல்லாவற்றையும் அடுக்கி, பட்டைகளைச் சரிசெய்து, கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள். மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். குனிந்து ஷூ நாடாவைக் கட்டுங்கள், பாட்டில் விழுகிறதா? அண்ணாந்து பாருங்கள், மண்டை இடிக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு டார்ச்சை எடுங்கள். கடைப் பையன் வந்து, "அண்ணா, ட்ரெக்கிங்குக்கா?" என்று கேட்பான். ஆமாம் என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு சுற்று நடங்கள்.